வாஷ்பேசினுக்கு அடியில் 150 வருடம்

புதிதாக மாட்டிய வாஷ்பேசின் ஒழுகினால் எல்லாரும் முதலில் குழாயைத்தான் பார்ப்பார்கள். குழாய் காய்ந்து பளபளன்னு இருக்கும். ஆங்கிள் காக்கில் ஈரம் இருக்காது. கனெக்‌ஷன் பைப்பிலும் இருக்காது. தண்ணீர் உள்ளே வரும் பக்கம் முழுக்கச் சரியாக இருக்கும். கையைப் பேசினுக்கு அடியில் விட்டுத் தடவினால்தான் தெரியும். தண்ணீர் வெளியே போகும் பக்கத்தில், அந்தப் பெரிய நட்டின் கீழ் விளிம்பில், ஒரு துளி தொங்கிக்கொண்டிருக்கும்.

"போற தண்ணி தானே சார், அதுல என்ன ப்ரெஷர் இருக்கப்போவுது?" என்பது பிளம்பர்கள் அடிக்கடி சொல்கிற வாக்கியம். திருவல்லிக்கேணியில் பழைய வீடுகளை இடித்தும் ஒட்டியும் பாத்ரூம் கட்டுகிற இடங்களில் எல்லாம் இதைக் கேட்கலாம். பிளம்பர் மேல் பழி போட நான் இதை எழுதவில்லை. சென்னை என்கிற ஊரே கிட்டத்தட்ட 150 வருடமாக இதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. வருகிற தண்ணீருக்குத் திட்டம், பணம், திறப்பு விழா. போகிற தண்ணீருக்கு, மிச்சம் இருந்தால் பார்க்கலாம். நகரத்தின் கதையும் நட்டில் தொங்கும் துளியின் கதையும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன, அளவுதான் வேறு. எனவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். துளியை நிறுத்துகிற வழியும் நடுவில் வரும்.

இணைப்பே இல்லாத வடிகால்

எங்கள் பேட்டையின் பெயரிலேயே நீர்நிலை இருக்கிறது. அல்லி பூத்த கேணி, திரு சேர்ந்து திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயில் குளத்தின் வடமொழிப் பெயரான கைரவிணிக்கும் அதே அல்லிதான் அர்த்தம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், மணலுக்கு அடியில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைத்த பகுதி இது. பழைய வீடுகளில் கொல்லைப்புறத்தில் ஒரு கிணறு இருக்கும். தண்ணீர் வருகிற வழி அவ்வளவுதான்: ராட்டினம், கயிறு, வாளி.

போகிற வழி? முற்றத்தின் ஒரு மூலையில் சரிவு. அங்கே நின்று கைகால் கழுவுவார்கள், பாத்திரம் தேய்ப்பார்கள். தண்ணீர் தரையிலேயே ஓடி, சுவரில் இருக்கும் ஒரு ஓட்டை வழியாக வெளியே போகும். அந்த மூலைக்குத் தமிழில் அருமையான பெயர் ஒன்று உண்டு: அங்கணம். 720ஆவது குறளில் வருகிற சொல் அது. தென்மாவட்டங்களில் சில வீடுகளில் இன்றும் புழங்குகிறது. திருவல்லிக்கேணியில் ஐயங்கார் வீடுகளில் அதே வடிகாலுக்கு ஜலதாரை என்று பெயர். ஊரில் பொதுவாகச் சாக்கடை. மோரி என்பவர்களும் உண்டு. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அது திறந்த வடிகால். திறந்த வடிகாலில் இணைப்பு கிடையாது, இணைப்பு இல்லாத இடத்தில் ஒழுகல் என்ற பேச்சே இல்லை. அடைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும், ஒரு குச்சியால் குத்தினால் போதும். நாற்றமும் காற்றோடு போய்விடும்.

மூடிய வடிகால் தமிழர்களுக்குத் தெரியாமல் இல்லை. கீழடியில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. பழைய இலக்கியத்தில் சுருங்கை என்கிற சொல் நிலத்துக்கு அடியில் போகும் மூடிய வழியைக் குறிக்கிறது. ஆனால் சாதாரணக் குடும்பத்தின் வீட்டுக்குள், ஒவ்வொரு அறையிலும் மூடிய குழாய் என்பது மிகப் பிந்தைய சமாச்சாரம். சென்னையில் அது எப்படி வந்தது என்பதைப் பார்த்தால், நம் நட்டு ஏன் ஒழுகுகிறது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

1865, 1866: இரண்டு திட்டங்கள்

1860கள். லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே மூக்கைப் பிடித்துக்கொண்டு, பாசல்ஜெட் என்ற பொறியாளரிடம் பெரிய நிலத்தடிக் கால்வாய்களைக் கட்டச் சொல்லியிருந்த நேரம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் போரில் சாவதைவிட நோயில் சாவது அதிகம் என்று அரச விசாரணைக் குழு 1863-ல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பின்னணியில் உழைத்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், இந்திய நகரங்களின் வடிகால் பற்றி அதிகாரிகளுக்கு வருடக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்தச் சூழலில் மதராஸுக்கு அடுத்தடுத்து இரண்டு திட்டங்கள் வந்தன. 1865-ல் கேப்டன் ஹெக்டர் டல்லோக், நகரத்தின் கழிவுநீரை எப்படி வெளியேற்றுவது என்று ஒரு முழு அறிக்கை கொடுத்தார். 1866-ல் ஃப்ரேசர் என்ற பொறியாளர், கொசஸ்தலையாற்றின் தண்ணீரை நகரத்துக்கு எப்படிக் கொண்டு வருவது என்று திட்டம் கொடுத்தார்.

ஒரு வருட இடைவெளியில் வந்த இரண்டு திட்டங்களில் எது முதலில் நிறைவேறியிருக்கும்?

ஃப்ரேசரின் திட்டத்துக்கு 6 வருடம்தான் ஆயிற்று. தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு, அங்கிருந்து சோழவரம் ஏரி, அங்கிருந்து செங்குன்றம் ஏரி, அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம். 1872-ல் நகரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குச் சரியாக 100 வருடம் முன்னால், 1772-ல், கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க ஏழு கிணறு அமைக்கப்பட்டிருந்தது. இப்போது முறை நகரத்துக்கு.

வடிகால்? 1890 வாக்கில்தான் சில பகுதிகளில் மட்டும் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் வந்தது. நகரம் முழுவதற்குமான திட்டம் வர 1910 ஆகிவிட்டது. அதாவது வரும் தண்ணீருக்கு 6 வருடம், போகும் தண்ணீருக்கு 45 வருடம்.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1871 கணக்கெடுப்பின்படி கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் வாழ்ந்த ஊர். வாளியில் இறைத்துச் செலவழித்தவர்களுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. இறைப்பதற்குக் கை வலிக்கும், அதனால் அளவாகச் செலவழிப்போம். குழாயைத் திருகினால் வரும் தண்ணீருக்கு அந்த அளவு கிடையாது. உள்ளே வந்தது அத்தனையும் வெளியே போயாக வேண்டும். போவதற்கு இருந்தது தெருவோரத் திறந்த சாக்கடையும், அது போய்ச் சேருகிற கூவமும், 1870களில் பக்கிங்ஹாம் என்று பெயர் பெற்ற கால்வாயும்தான். திருவல்லிக்கேணிக்கும் கடற்கரைக்கும் நடுவே ஓடுகிற அந்தக் கால்வாய் படகு போவதற்காக வெட்டியது. இன்று அதைப் பார்க்கிறவர் யாரும் அப்படி நம்பமாட்டார்கள்.

ஊரின் தரையமைப்பும் உதவவில்லை. சென்னை கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. கழிவுநீர் தானாக ஓட வேண்டுமானால் குழாய்க்குச் சரிவு வேண்டும். சரிவு கொடுத்துக்கொண்டே போனால் சிறிது தூரத்தில் குழாய் மிக ஆழத்துக்குப் போய்விடும். அப்புறம் பம்ப் வைத்து மேலே ஏற்றி, மறுபடியும் சரிவாக விட வேண்டும். பம்ப் என்றால் பணம். "போற தண்ணி தானே" என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

இரண்டையும் ஒரே கணக்கில் போட்டவர்

தி. நகரில் மேட்லி ரோடும் மேட்லி சப்வேயும் தெரியாதவர்கள் குறைவு. அந்தப் பெயருக்கு உரியவர் ஜே. டபிள்யூ. மேட்லி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளர். செங்குன்றத்திலிருந்து திறந்த கால்வாயில் அழுக்கு சேர்ந்து வந்த தண்ணீரை மூடிய வழியில் கொண்டுவந்து, மணல் வடிகட்டிகளில் சுத்தம் செய்து, பம்ப் செய்து அனுப்பும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தை அமைத்தவர். அது 1914-ல் திறக்கப்பட்டது. நகரத்தின் கழிவுநீர்த் திட்டத்தை வடிவமைத்தவரும் அவரே.

அவருடைய கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். 1961-ல் நகரத்தின் மக்கள் தொகை 6.6 லட்சமாக இருக்கும், தலைக்கு ஒரு நாளைக்கு 25 கேலன், அதாவது சுமார் 114 லிட்டர். குடிநீருக்கும் இந்த எண்தான், கழிவுநீருக்கும் இந்த எண்தான். உள்ளே வருவது வெளியே போகும் என்கிற ஒற்றைச் சமன்பாடு. மென்பொருள் எழுதுகிற எங்களுக்கு இது பழகிய விஷயம்: நினைவகத்தைக் கேட்டு வாங்கும் வரியை எழுதும்போதே, திருப்பிக் கொடுக்கும் வரியையும் எழுதிவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால், கொஞ்ச நாளில் ஒழுகும். எங்கள் தொழிலிலும் அதற்கு ஒழுகல் என்றுதான் பெயர்.

கணக்கு சரி, ஊர்தான் கணக்குக்குள் அடங்கவில்லை. 1941-லேயே மக்கள் தொகை 7.77 லட்சம். 1961-ல் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 6.6 லட்சம் பேருக்குப் போட்ட குழாயில் அதைவிட இரண்டரை மடங்கு ஊர்.

1978-ல் குடிநீரையும் கழிவுநீரையும் சேர்த்து ஒரே வாரியத்தின் கீழ் கொண்டு வந்தார்கள். அதன் முழுப்பெயர் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம். பெயரில் சரிபாதி கழிவுநீருக்கு. ஆனால் நாம் அதை எப்படிக் கூப்பிடுகிறோம்? மெட்ரோ வாட்டர். பின்பாதியைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டோம்.

கொஞ்சம் தண்ணீர், ஒரு கதவு

மூடிய குழாய் வீட்டுக்குள் வந்ததும் புதிதாக ஒரு பிரச்சினை வந்தது. திறந்த சாக்கடையின் நாற்றம் தெருவோடு போயிற்று. மூடிய சாக்கடையின் வாயு, குழாய் எங்கே முடிகிறதோ அங்கே வரும். குழாய் முடிவது நம் வாஷ்பேசினில்.

இதற்கான தீர்வு மிக எளிமையானது. குழாயை ஓரிடத்தில் கீழே வளைத்து மேலே ஏற்றினால், வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். தண்ணீர் போகலாம், காற்று திரும்பி வர முடியாது. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி, 1775-ல் கழிப்பறைக்காக வாங்கிய காப்புரிமையில் இந்த வளைவு இருக்கிறது. ஸ்பிரிங்கும் மூடியும் தேவையில்லாத, தேய்ந்து போகாத கதவு. நம் ஊரில் இதன் பல அவதாரங்கள் உண்டு. பேசினுக்கு அடியில் இருப்பது பாட்டில் ட்ராப். பாத்ரூம் தரையில் ஜல்லடைக்கு அடியில் இருப்பது நஹானி ட்ராப், நம் கொத்தனார்கள் வாயில் நானி ட்ராப். ந்ஹாணி என்றால் மராத்தியில் குளிக்கும் இடம். நம் அங்கணத்தின் பம்பாய்ச் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தண்ணீர்க் கதவின் உயரம் பொதுவாக 50 மி.மீ. அளவுதான். இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் அடிக்கும், கவனித்திருப்பீர்கள். ட்ராப்பில் இருந்த தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

நாற்றத்தோடு போனால் பரவாயில்லை. 2003-ல் ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் நோய் தொற்றியது, 42 பேர் இறந்தார்கள். விசாரித்தபோது சந்தேகம் போய் நின்ற முக்கியமான இடம், குளியலறைத் தரை ட்ராப்புகள். தண்ணீர் வற்றிக் காய்ந்து கிடந்த ட்ராப் வழியாக, கழிவுக் குழாயில் இருந்த நுண்துளிகள் வீடுகளுக்குள் ஏறியிருக்கின்றன. கதவு பூட்டியிருந்தது, ஜன்னல் சாத்தியிருந்தது, தரையில் ஒரு வழி திறந்தே இருந்தது.

இனி, அந்தத் துளி

பேசினின் நடு ஓட்டையில் உட்காரும் பித்தளை அல்லது எஃகு உருப்படிக்கு வேஸ்ட் கப்ளிங் என்று பெயர். கடையில் 32 மி.மீ. கப்ளிங் என்று கேட்டு வாங்குகிறோம். ஸ்கேல் வைத்து அளந்தால் மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 42 மி.மீ. இருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஒன்றேகால் அங்குலம் என்பது அந்தக் காலத்தில் குழாயின் உள்விட்டத்துக்கு வைத்த பெயர். பெயர் நின்றுவிட்டது. மரையின் கோணமும் பழசுதான். 1841-ல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் முன்மொழிந்த 55 டிகிரி. திருவல்லிக்கேணிக் கடையில் இன்று வாங்கும் கப்ளிங்கில் அந்த 55 டிகிரி இருக்கிறது, அங்குலத்துக்கு 11 மரை.

ஒழுகலின் ரகசியம் இந்த மரையில்தான் இருக்கிறது. குழாய் மரையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, சரிவாகக் கூம்பிப் போவது. திருகத் திருக இறுகி, மரையே தண்ணீரை அடைக்கும். இன்னொன்று, ஒரே விட்டத்தில் நேராக இருப்பது. அதன் வேலை இரண்டு பொருளைப் பிடித்து வைப்பது மட்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கு இரண்டு தனி எண்களே இருக்கின்றன: முதல் ஜாதிக்கு ஐ.எஸ். 554, இரண்டாவதற்கு ஐ.எஸ். 2643. வேஸ்ட் கப்ளிங்கின் மரை இரண்டாவது ஜாதி. எவ்வளவு இறுக்கினாலும் அது தண்ணீரை அடைக்காது. அடைக்க வேண்டியது வாஷர்.

அந்த வாஷர் மரையின் முகடுகளைத்தான் தொடுகிறது. முகடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம், சுருள் மாடிப்படி மாதிரி மேலிருந்து கீழ்வரை திறந்தே இருக்கிறது. தண்ணீர் அந்தப் படியில் சுற்றிச் சுற்றி இறங்கி நட்டுக்குக் கீழே வந்து நிற்கிறது. நாம் பார்க்கும் துளி பெரும்பாலும் இதுதான். இறுக்க இறுக்க வாஷர் பிதுங்கும், பீங்கான் விரிசல் விடும், ஒழுகல் நிற்காது.

பிரித்துப் பார்ப்பதற்கு முன் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் ஓரிடத்தில் கசிந்து, குழாயின் மேலேயே வழிந்து, கீழே இன்னோர் இடத்தில் சொட்டும். எனவே முதலில் எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, மூன்று சோதனைகளை வரிசையாகச் செய்யலாம்.

முதலாவது, அடைப்பானை மூடிப் பாதி பேசின் தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். இப்போதே நட்டில் ஈரம் வந்தால், மேலே கப்ளிங்கின் விளிம்புக்கு அடியில் தண்ணீர் நுழைகிறது, கீழே வாஷரும் பிடிக்கவில்லை.

இரண்டாவது, பேசினின் மேற்பக்கத்தில் உபரி ஓட்டை இருந்தால், அது வரை நிரப்புங்கள். அந்த ஓட்டையில் போகும் தண்ணீர், பீங்கானுக்குள்ளேயே இருக்கும் ஒரு வழியில் இறங்கி, கப்ளிங்கின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக உள்ளே சேரும். இப்போது மட்டும் சொட்டினால் கீழ் வாஷரில்தான் கோளாறு.

மூன்றாவது, அடைப்பானைத் திறந்து மொத்தத்தையும் விடுங்கள். ஒரு டிஷ்யூ தாளால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம். நட்டு காய்ந்திருந்து பாட்டில் ட்ராப்பின் கழுத்து நனைந்தால், அங்கே இருக்கும் தட்டை வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கையாலேயே கழற்றி நேராக்கிவிடலாம்.

உபரி ஓட்டை விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. மேஜை மேல் வைக்கும் நவீனப் பேசின்கள் பலவற்றில் உபரி ஓட்டை கிடையாது. அதற்குப் பக்கத் துளை இல்லாத கப்ளிங் வேண்டும். துளை உள்ளதை மாட்டினால், ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் அது அந்தத் துளை வழியாக வெளியே வந்து, கப்ளிங்குக்கும் பீங்கானுக்கும் நடுவே நின்று, கீழ் வாஷரை நச்சரித்துக்கொண்டே இருக்கும். தலைகீழாக, உபரி ஓட்டை உள்ள பேசினுக்குத் துளை இல்லாத கப்ளிங் போட்டால், உபரித் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. கடையில் ஹாஃப் த்ரெட், ஃபுல் த்ரெட் என்று சொல்வார்கள். பெயரை நம்ப வேண்டாம், கையில் வாங்கிப் பக்கவாட்டில் துளை இருக்கா இல்லையா என்று பாருங்கள்.

சரி செய்யும் முறை இதுதான். ட்ராப்பைக் கழற்றி, கப்ளிங்கை முழுக்க வெளியே எடுத்து, பழைய வெள்ளை சிமென்ட்டையும் சிலிகானையும் சுரண்டி, பீங்கானைக் காயவிடுங்கள். மேல் விளிம்புக்கு அடியில் வாஷர் அல்லது சிலிகான். கப்ளிங்கை உட்கார வைத்த பிறகு, கீழ் வாஷர் வந்து நிற்கப்போகும் இடத்தில் மரைப் பள்ளங்கள் நிரம்பும்படி டெஃப்லான் டேப்பைப் பல சுற்று சுற்றுங்கள், அல்லது அங்கே சிலிகான் தடவுங்கள். நட்டு இறுகும் திசையிலேயே டேப்பைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் நட்டு ஏறும்போது அவிழ்ந்துவிடும். கூம்பு வாஷரின் குறுகிய பக்கம் மேலே, பீங்கானைப் பார்த்து இருக்க வேண்டும். நட்டைக் கையால் முழுக்க இறுக்கி, ஸ்பேனரால் கால் திருகு, மிஞ்சினால் அரைத் திருகு. அப்போது மேலே கப்ளிங் சேர்ந்து சுழலாமல் இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழன்றால் மேலே போட்ட சிலிகான் கிழிந்துவிடும். ஓர் இரவு காயவிட்டுத் தண்ணீர் திறந்தால் போதும். நம் தாத்தா காலத்துப் பிளம்பர்கள் இதே பள்ளத்தைச் சணல் நூலும் வெள்ளை ஈயமும் வைத்து நிரப்பினார்கள். பொருள் மாறியிருக்கிறது, நிரப்ப வேண்டிய பள்ளம் அதேதான்.

போற தண்ணி எங்கே போகுது?

பேசினிலிருந்து போகும் தண்ணீர் தெருக் குழாயில் சேருகிறது. நகரத்தின் கழிவுநீர், பம்ப் மேல் பம்பாக ஏற்றப்பட்டு, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. அங்கேயும் அது முடிந்துவிடுவதில்லை. கொடுங்கையூரில் சுத்திகரித்த நீரை மணலித் தொழிற்சாலைகள் 1990களிலேயே வாங்க ஆரம்பித்துவிட்டன. 2019-ல் ஏரிகள் வற்றி ஊரே குடத்தோடு நின்ற வருடத்தில், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை இன்னும் நுட்பமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் செயல்படத் தொடங்கின.

இன்னொரு விதமாகவும் அது திரும்பி வருகிறது. பழைய பேட்டைகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே குறுகிய தெருவில் பக்கத்துப் பக்கத்தில் புதைந்திருக்கின்றன. இங்கே குடிநீர் 24 மணி நேரமும் வருவதில்லை. தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் குடிநீர்க் குழாயில் அழுத்தம் இருக்காது. கழிவுநீர்க் குழாய் ஒழுகி மண் ஊறியிருந்தால், குடிநீர்க் குழாயின் விரிசல் வழியாக அது உள்ளே போகும். மறுநாள் காலையில் முதல் குடம் மஞ்சளாக, வாடையோடு வரும். "போற தண்ணி தானே" என்று விட்டது, வருகிற தண்ணீராக வந்து நிற்கும்.

1865-66 வரிசையும் இன்னும் மாறவில்லை. 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சேர்ந்த பகுதிகளில் பல, பாதாளச் சாக்கடைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தன. எங்கள் தொழிலின் தலைநகரமான பழைய மாமல்லபுரம் சாலையில், கண்ணாடிக் கட்டடங்களுக்குள் ஒரு லாரி நல்ல தண்ணீர் கொண்டு போகும், இன்னொரு லாரி கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டு வெளியே வரும். வடிகால் இல்லாத 1872ஆம் வருட மதராஸ், சென்ட்ரல் ஏசியோடு.

வடிகாலைக் கடைசியில் யோசித்ததற்கான விலையை எப்போதும் ஒரே சிலர்தான் கொடுத்து வந்திருக்கிறார்கள். கையால் மலம் அள்ளும் முறையைத் தடை செய்து 1993-லும் 2013-லும் சட்டம் வந்தது. சாக்கடைக்குள் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் கொடுக்கச் சொல்லி 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கியது. அதாவது அத்தனை சட்டத்துக்குப் பிறகும், தொகையை உயர்த்த வேண்டிய அளவுக்கு மரணங்கள் தொடர்ந்தன. பதிவான சாக்கடை மரணங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிற மாநிலம். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

அடைப்பு எங்கிருந்து வருகிறது? பாதி நம் பேசினிலிருந்துதான். முடிக்கற்றை, ஷாம்பூ சாஷேயின் கிழித்த முனை, வேலை முடிந்ததும் கொத்தனார் கழுவி ஊற்றிய வெள்ளை சிமென்ட் கரைசல். பாட்டில் ட்ராப்பின் கீழ்க் கிண்ணத்தை எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே திருகிக் கழற்ற முடிகிற மாதிரி செய்திருப்பது காரணமில்லாமல் இல்லை. அடியில் ஒரு வாளி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றி, சேர்ந்திருப்பதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கழுவித் திரும்ப மாட்டலாம். அருவருப்பான வேலைதான், 5 நிமிடம் ஆகும். அந்தக் கிண்ணத்துக்கு அப்பால் குழாயில் அடுத்த பெரிய மூடி தெருவில் இருக்கிறது. அதைத் திறந்து இறங்குகிறவர் நம் வீட்டுக்காரர் இல்லை.